இலக்கியக் கலைச்சொற்கள்: ஒரே கதையை வைத்துப் படிக்கும் வழி

இலக்கியம் எடுத்துப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களைப் பட்டியல் போட்டு, எதிரே விளக்கம் எழுதி, தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், தேர்வு முடிந்த வாரமே எல்லாம் போய்விட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நன்றாகத் தெரிந்த ஒரே கதையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கதையில் ஒரு இடத்தில் கட்டிப்போட வேண்டும். எனக்கு அது சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம்.

முதலில் சின்ன விஷயம், உவமையும் உருவகமும். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், அது உவமை. முகமதி என்று திருப்பிப் போட்டால் முகமே மதி ஆகிவிடுகிறது, அது உருவகம். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று விளக்கம் சொல்வார்கள், அதைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலை நெருங்குகிறார்கள். மேலே கொடிகள் காற்றில் ஆடுகின்றன, அவ்வளவுதான் நடக்கிறது. இளங்கோவடிகள் என்ன எழுதுகிறார்? ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. வராதே, திரும்பிப் போ என்று கொடிகள் கை காட்டுகின்றனவாம். அந்த வரியைப் படித்த பிறகு கொடி வெறும் கொடியாக இருப்பதில்லை. இதே வரி இன்னொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு: வரப்போவதை முன்கூட்டியே கோடிகாட்டும் முன்னுணர்த்தல். ஒரே வரியை அணியாகவும் பார்க்கலாம், நாடக உத்தியாகவும் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

இப்போது நாடகச் சொற்கள். தனிமொழி என்பது பாத்திரம் தன் மனதில் இருப்பதைத் தனக்குத்தானே பேசுவது, மற்ற பாத்திரங்களுக்கு அது கேட்காது, நமக்கு மட்டும் கேட்கும். கொலைக்களக் காதையில் கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பைப் பார்த்ததும் பொற்கொல்லன் நினைப்பது அப்படிப்பட்டது. ‘கரந்துயான் கொண்ட காலணி’ வெளியே தெரிவதற்குள், அதாவது தான் திருடிய அரசியின் சிலம்பு அம்பலமாவதற்குள், ஊருக்குப் புதிதாக வந்த இவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த நினைப்பு நமக்குத் தெரிந்துவிட்டது, கோவலனுக்குத் தெரியாது. பொற்கொல்லன் சொன்னதை நம்பி அவன் அங்கேயே காத்திருக்கிறான், நாம் பதறுகிறோம். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதால் உண்டாகும் இந்தப் பதற்றத்தைத்தான் நாடக முரண் என்கிறோம். டிவி சீரியலில் மாமியார் கடிதத்தை ஒளித்துவைப்பதை நாம் பார்த்துவிட, மருமகள் வீடு முழுக்கத் தேடும்போது வருவதும் இதே பதற்றம்தான்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கவிதையியல் என்ற நூலில், துன்பியல் நாடகத்தைப் பற்றிச் சொல்லும் மூன்று சொற்கள் தேர்வில் அடிக்கடி வரும். ஹமார்ஷியா என்பதைக் குணக்கேடு என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல் குறி தவறுவதைச் சொல்வது, அதனால் பிழை என்று எழுதுவதுதான் பொருத்தம். பாண்டியன் கெட்டவன் இல்லை, ஊடல் கொண்ட அரசியைத் தேடிப் போகிற அவசரத்தில் விசாரிக்காமல் ‘கொன்றச் சிலம்பு கொணர்க’, அதாவது அவனைக் கொன்று அந்தச் சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறான். பெரிபெட்டியா என்றால் நிலை தலைகீழாவது, அனக்னோரிசிஸ் என்றால் அறியாமை நீங்கி உண்மையை அறிவது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் வருவதே சிறந்தது என்று சொல்லி சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிப்பஸ் நாடகத்தை அரிஸ்டாட்டில் காட்டுகிறார். வழக்குரை காதையிலும் அதேதான் நடக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான் பாண்டியன். நீதி சொல்ல உட்கார்ந்தவன் குற்றவாளி ஆகிவிட்டான், அதை அவன் வாயே சொல்கிறது. எனக்கு இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கும்.

விடை எழுதும்போது சொல்லின் விளக்கத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, அது வரும் இடத்தைக் காட்டி, அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கொடி கை காட்டியது என்பதோடு நிறுத்தாமல், அதனால் படிப்பவர் மனதில் என்ன அச்சம் வருகிறது என்பதையும் சேருங்கள்.

சரி, பயிற்சிக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஹமார்ஷியா பாண்டியனுடையது மட்டும்தானா, முன்பின் தெரியாதவனிடம் சிலம்பைக் காட்டிய கோவலனுக்கும் அதில் பங்கு உண்டா? ஒரு பக்கம் எழுதுங்கள், காதையின் பெயரோடு.