உக்னிஸ்னா நம்ம அக்னி தானே? கொஞ்சம் பொறுங்க

லித்துவேனிய மொழில நெருப்புக்கு உக்னிஸ். இத பாத்ததும் "நம்ம அக்னி அங்க வரைக்கும் போயிருக்கு பாரு"ன்னு ஒரு ஃபார்வர்டு ரெடி ஆயிடும். தப்பு அங்கயே ஆரம்பிக்குது. தமிழ்ல அக்கினி சமஸ்கிருதத்துல இருந்து வாங்கின சொல்லு, ஆனா உக்னிஸ் யார்கிட்டயும் வாங்கினது கிடையாது, இந்தோ ஐரோப்பிய மூலமொழில (இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழைய தாய்மொழி) இருந்த ஒரு சொல்லு தான் சமஸ்கிருதத்துல அக்னி, லத்தீன்ல இக்னிஸ், லாட்வியன்ல உகுன்ஸ், இங்க உக்னிஸ்னு தனித்தனியா வளந்துச்சு. அண்ணன் தம்பி உறவு, அப்பா புள்ள இல்ல.

அதுக்காக லித்துவேனியன் தான் எல்லாத்துக்கும் தாய்னு கிளம்பறதும் அதே ரகம் தான். பழைய வேற்றுமை உருபு நிறைய அதுல பிழைச்சிருக்கு, ஆகஸ்ட் ஷ்லைகர்ங்கற ஜெர்மன் மொழியியலாளர் கிராமத்து ஜனங்க பேசறத நேர்ல கேட்டு 1856ல இலக்கணம் போட்டது வரைக்கும் சரி, ஆனா அந்த மொழில முதல் அச்சுப் புத்தகமே 1547ல தான் வந்துச்சு, அதுவும் இந்த அண்ணன் தம்பில ஒண்ணு தான், தாய் இல்ல.

இலக்கணத்துல எல்லாரும் வழுக்கி விழற இடம் பால். தமிழ்ல நெருப்பு அஃறிணை, முடிஞ்சது கதை. அங்க ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் இல்லன்னா பெண்பால். சமஸ்கிருத அக்னி ஆண்பால், உக்னிஸ் பெண்பால், அதனால பெரிய நெருப்புன்னா டிடெலே உக்னிஸ், டிடெலிஸ்னு போட்டா தப்பு. "இஸ்"னு முடிஞ்சா ஆண்பால்னு நினைக்கறதும் வேணாம், ப்ரோலிஸ் (சகோதரன்) ஆண்பால், உக்னிஸ் பெண்பால், ரெண்டுக்கும் கடைசி ஒண்ணு தான். வித்தியாசம் ஆறாம் வேற்றுமைல தெரியும், ப்ரோலியோ, உக்னியெஸ். சரி யெஸ் வந்தா பெண்பால்னு வெச்சுக்கலாமான்னா அதுவும் முடியாது, தந்திஸ் (பல்லு) தந்தியெஸ்னு மாறும், ஆனா ஆண்பால்! மனப்பாடம் பண்றதத் தவிர வழியில்ல, ஒவ்வொரு சொல்லையும் ஆறாம் வேற்றுமையோட, பாலோட சேத்தே படிங்க. அழுத்தம் வேற இடம் மாறும், உக்னிஸ்ல கடைசி அசைல, இரண்டாம் வேற்றுமைல முதல் அசைல.

அப்புறம் இல்லன்னு சொல்லும்போது எழுவாய் வடிவம் போடாதீங்க, நெருப்பு இல்லன்னா "நேரா உக்னியெஸ்" ("நேரா"ன்னா அங்க "இல்ல"), ஆறாம் வேற்றுமை தான். "இல்லாம"ங்கற அர்த்தத்துல வர்ற "பெ"க்கும் இதே கதி, நெருப்பில்லாம புகையாதுங்கற நம்ம பழமொழி அவங்ககிட்டயும் இருக்கு: நேரா தூமூ பெ உக்னியெஸ்.

முக்கியமான ஒண்ணு, வீடு பத்திக்கிட்டா அது உக்னிஸ் இல்ல, தீ விபத்துக்கு கைஸ்ரஸ்னு தனிச் சொல்லு. ஆனா அணைக்க வர்ற ஆளுக்குப் பேரு உக்னியகெஸீஸ், அதுல மறுபடியும் உக்னிஸ் தான் உக்காந்திருக்கு.