ஹோம்ஸ் கதைகளுக்கு ஒரு படக் கைநூல் செய்வது எப்படி

ஷெர்லொக் ஹோம்ஸ் கதையை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை பாதியில் புத்தகத்தை மூடி வைத்தால், ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது. ஹான்சம் வண்டி எப்படி இருக்கும், அரைக் கிரவுண் எவ்வளவு காசு, படுக்கை அறையில் மணிக்கயிறு எதற்கு என்பதெல்லாம் விளங்காமல்தான் கதை கைநழுவுகிறது. அகராதியோ "ஒருவகைக் குதிரை வண்டி" என்பதோடு நின்றுவிடும். சனசமூக நிலைய வாசிகசாலையோ பள்ளிக்கூட ஆங்கில மன்றமோ ஒரு படக் கைநூலைச் செய்து கதைப் புத்தகத்தோடு வைக்கலாம். 32 பக்கம், ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை. அதற்கு மேல் போனால் வேலை முடியாது.

மொத்தக் கதைகள் 60: 4 நாவல், 56 சிறுகதை. எல்லாவற்றையும் தொட நினைக்காதீர்கள். படம் போட்டால்தான் விளங்கும் கதைகளாக ஆறு போதும்: செந்தலையர் சங்கம் (The Red-Headed League), புள்ளிப் பட்டி (The Speckled Band), வெள்ளிச் சுடர் (Silver Blaze), மஸ்கிரேவ் சடங்கு (The Musgrave Ritual), நடனமாடும் மனிதர்கள் (The Dancing Men), பிரையரி பாடசாலை (The Priory School). கதைக்கு மூன்று பக்கமாக 18. காசு, வண்டி, உடை, இலண்டன் வரைபடம், காலவரிசை போன்ற பொதுப் பக்கங்கள் 10. கடைசி 4 பக்கம் விடைகளுக்கு.

விடைக்குத் தனி இடம் கட்டாயம் வேண்டும். ஹோம்ஸைத் தேடி வந்தவர் தன் கதையைச் சொல்லி முடித்து எழும்புகிறாரே, அதுவரை உள்ள விடயங்களே கதைப் பக்கத்துக்குரியவை. அதற்குப் பிறகு தெரியவரும் எதுவும் பின்பக்கத்துக்குப் போகட்டும். இன்னொரு விதி: கதையில் ஒரு வசனத்தைச் சுட்டிக்காட்ட முடியாத படத்தை வரையக்கூடாது. ஒவ்வொரு படத்தின் கீழும் கதையின் பெயரையும் அந்த வசனத்தையும் எழுதுங்கள். எழுத வசனம் இல்லையென்றால் அந்தப் படம் சினிமாவில் இருந்து வந்தது என்று அர்த்தம்.

ஹோம்ஸின் தொப்பியே இதற்கு நல்ல சோதனை. காது மூடும் வேட்டைத் தொப்பியை முதலில் வரைந்தவர் சிட்னி பாஜெட், 1891 இல், கதைகள் வெளிவந்த ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில், பொஸ்கம் பள்ளத்தாக்குக் கதைக்கு. கதையில் இருப்பது தலையை ஒட்டிய துணித் தொப்பி மட்டும். வெள்ளிச் சுடரில் காதுமடல் வைத்த பயணத் தொப்பி வருகிறது. ஆக, நாட்டுப்புறப் பயணத்துக்கு அந்தத் தொப்பியைப் போடலாம், இலண்டன் தெருவில் போடக்கூடாது. வளைந்த சுங்கான் மேடையில் இருந்து வந்தது: 1899 இல் ஹோம்ஸாக நடிக்கத் தொடங்கிய அமெரிக்க நடிகர் வில்லியம் ஜிலெற் பிடித்தது. கதையில் உள்ளவை களிமண் சுங்கான், பிரையர் மரச் சுங்கான், செரி மரச் சுங்கான். மூன்றையும் நேராக வரையுங்கள்.

காசுப் பக்கத்தில் இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் போடாதீர்கள். அடுத்த வருசமே அது பிழைத்துவிடும். 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண், 21 சிலிங் ஒரு கினி, இரண்டரைச் சிலிங் ஓர் அரைக் கிரவுண் என்று நாணய வட்டங்களாக வரைந்துவிட்டு, கதைகளில் இருந்தே ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஹோம்ஸுக்கு உளவு பார்க்கும் தெருப் பெடியன்களுக்கு நாட்கூலி ஒரு சிலிங். வீட்டு ஆசிரியையாக இருந்த வயலற் ஹன்ரருக்கு மாதம் 4 பவுண். செந்தலையர் சங்கமோ ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தெழுதுவதற்குக் கிழமைக்கு 4 பவுண் கொடுக்கிறது. இந்த மூன்றும் அடுத்தடுத்து இருந்தால், இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

வண்டியில் எல்லாரும் விடும் பிழை ஒன்றுண்டு. நாங்கள் பார்த்தது மாட்டுவண்டி என்பதால் ஓட்டுபவரை முன்னுக்கு இருத்திவிடுவோம். ஹான்சம் வண்டியில் அவர் பின்னால், கூரைக்கு மேலே உயர்ந்த இருக்கையில் இருப்பார். கடிவாள வார் கூரைக்கு மேலால் போகும். கூரையில் உள்ள சிறு கதவைத் தள்ளித்தான் உள்ளே இருப்பவர் அவரோடு கதைக்கலாம். சில்லு இரண்டு, ஆட்கள் இருவர். பெட்டி படுக்கையோடு வருபவருக்கு நாலு சில்லு வண்டி.

இனிக் கதைப் பக்கங்கள். (புள்ளிப் பட்டியை இன்னும் வாசிக்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போங்கள்.)

புள்ளிப் பட்டிக்கு மேலிருந்து பார்க்கும் வரைபடம் உதவாது, ஏனென்றால் மர்மம் முழுவதும் உயரத்தில் இருக்கிறது. வீட்டை நெடுக்காக வெட்டினால் தெரியும் தோற்றத்தை வரையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறை, நடுவில் சுவர். சுவரில் கூரைக்குக் கிட்ட ஒரு சிறு காற்றுத் துவாரம். அதற்குச் சற்று மேலே கொளுவிய மணிக்கயிறு, தலையணை வரை தொங்கும். கட்டில் நிலத்தோடு பூட்டப்பட்டது. மறு அறையில் இரும்புப் பெட்டி, அதன் மேல் ஒரு சிறு தட்டில் பால், பக்கத்தில் ஒரு மரக் கதிரை. இதில் காற்றுத் துவாரம், மணிக்கயிறு, பூட்டிய கட்டில், பால் போன்றவை ஹோம்ஸ் நேரில் போய்ப் பார்ப்பவை. அதனால் கதைப் பக்கத்தில் வெறும் அறைகளை மட்டும் விட்டு, நிறைந்த படத்தைப் பின்பக்கத்தில் போடுங்கள். பாம்பு மருந்துக்கும் முன்பக்கத்தில் தெரியக்கூடாது. விடைப் பக்கத்தில் ஒரு குறிப்பும் வேண்டும்: கதை சொல்லும் பெயரில் விரியன் எதுவும் இந்தியாவில் இல்லை, சீழ்க்கை ஒலி பாம்பைப் பழக்கும் வழி அல்ல, பால் அதன் உணவும் அல்ல. புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரில் இந்தக் கடைசி வரிக்கு வாக்குவாதம் வரும், வரட்டும்.

மஸ்கிரேவ் சடங்கைப் பிள்ளைகள் வளவிலேயே செய்து பார்க்கலாம். ஆறடித் தடிக்கு ஒன்பது அடி நிழல் விழும்போது 64 அடி மரத்துக்கு 96 அடி நிழல் விழும் என்பது ஹோம்ஸின் கணக்கு. இரண்டு முக்கோணத்தை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்தால் முடிந்தது. பங்குனி நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் நாலு மணியளவில் இதே விகிதம் கிடைக்கும். அந்த நேரம் ஆறடித் தடியை நிமிர்த்திப் பிடித்து, வளவில் நிற்கும் பனையின் நிழலை அளந்து, மூன்றால் பிரித்து இரண்டால் பெருக்கினால் பனையின் உயரம். நிலம் சரிவாகவோ தடி சாய்வாகவோ இருந்தால் கணக்குப் பிழைக்கும். அடுத்துக் காலடி எண்ணிக்கை: சடங்கு வாசகத்தில் "பத்தும் பத்தும்" என்றால் ஒவ்வொரு காலுக்கும் பத்து. ஆகவே வடக்கே 20, கிழக்கே 10, தெற்கே 4, மேற்கே 2 என்றுதான் வரைய வேண்டும்.

வெள்ளிச் சுடருக்கு ஒரு படம் போதும்: ஹோம்ஸ் ரயில் வேகத்தைக் கணக்கிட உதவும் பாதையோரத் தந்திக் கம்பங்கள், 60 யார் இடைவெளியில். அவர் சொல்லும் மணிக்கு 53½ மைல் வேகத்தில் ஒரு கம்பத்தில் இருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 2.3 செக்கன்.

கதையின் இரகசியச் செய்திகளில் எழுத்துக்குப் பதிலாக வரும் நடனமாடும் மனிதர்களை ஃபோனில் படம் எடுத்துச் சிறுப்பித்தால் கையும் காலும் ஒட்டிக்கொள்ளும். கட்டம் போட்ட கணிதக் கொப்பியில் ஓர் உருவுக்கு அகலம் 4, உயரம் 6 கட்டம் என்று திரும்ப வரையுங்கள். கொடி பிடித்த உருவம் சொல் முடிவதைக் காட்டுவது; கொடியை விட்டால் புதிரே குழம்பும். செய்திகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து எது என்பதில்தான் ஹோம்ஸ் தொடங்குகிறார். பல பதிப்புகளில் இரண்டு எழுத்துக்கு ஒரே உருவம் விழுந்திருக்கிறது. ஆகவே முதலில் எழுத்து அட்டவணை ஒன்று செய்து, ஒவ்வொரு செய்தியையும் அதனோடு ஒத்துப் பாருங்கள்.

பிரையரி பாடசாலையில் சைக்கிள் எந்தப் பக்கம் போனது என்று ரயர் தடத்தை வைத்து ஹோம்ஸ் சொல்கிறார். முன்சில்லுத் தடத்தின் மேல் பின்சில்லுத் தடம் ஏறுவது உண்மை, ஆனால் எந்தத் திசையில் போனாலும் அது ஏறும். வாசகர்கள் கேட்டு எழுத, கதைகளின் ஆசிரியர் கொனன் டொயிலே சைக்கிளில் ஓடிப் பார்த்து ஒத்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது தடம் ஆழமாகும், அதை வைத்துச் சொல்லலாம் என்றார். மழை பெய்த செம்மண் ஒழுங்கையில் முதல் பாதியைச் சோதிக்கலாம். மற்றப் பாதிக்கு யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே? குளக்கட்டுச் சரிவுதான் கதி.

பொதுப் பக்கங்களில் ஒரு சிறு உலகப் படமும் வைத்து, அதில் திருகோணமலைக்கு ஒரு புள்ளி போட மறக்காதீர்கள். பொஹீமியக் கதையின் தொடக்கத்தில், அற்கின்சன் சகோதரரின் துயரச் சம்பவத்தை ஹோம்ஸ் அங்கே துலக்கியதாக, கதை சொல்லும் நண்பர் வொட்சன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் இருக்கிறது, நீங்கள் கதை கட்ட வேண்டாம்.

காலவரிசையில் வெளிவந்த ஆண்டுக்கு ஒரு நிரல், கதை நடக்கும் ஆண்டுக்கு வேறொரு நிரல். டொயிலின் திகதிகள் இடிக்கும். செந்தலையர் கதையில் ஏப்ரல் 27 விளம்பரம் "இரண்டு மாதத்துக்கு முன்" வந்தது என்கிறார்கள், சங்கம் கலைவதோ ஒக்ரோபர் 9. வொட்சனின் குண்டுக் காயம் ஒரு கதையில் தோளில், அடுத்ததில் காலில். திருத்தாமல் அப்படியே போட்டு, ஒரு உடுக்குறி வையுங்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. டொயில் 1930 இலும் பாஜெட் 1908 இலும் காலமானார்கள். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற இலங்கைச் சட்டப்படி மூலக் கதையும் பாஜெட் படங்களும் எவருக்கும் பொது. தமிழ் மொழிபெயர்ப்புகள் அப்படியல்ல, அவற்றில் இருந்து வசனம் எடுக்காமல் நீங்களே மொழிபெயர்க்க வேண்டும்.

பாஜெட் படங்களில் சாம்பல் நிழல் அதிகம். போட்டோக்கொப்பியில் அது கரியாகிவிடும். மேலே மெல்லிய தாள் வைத்து 0.5 பேனாவால் கோட்டுப் படமாக ஏ4 இல் எடுத்து, 71 வீதத்துக்குச் சிறுப்பித்தால் ஏ5 இல் தெளிவாக விழும். அதைவிட மெல்லிய பேனா என்றால் கோடு அறும். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு) கேட்பார்கள். மாற்றும்போது நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்துக் குப்பையாகும். பிடிஎஃப் ஆகக் கொடுப்பது நல்லது.

80 கிராம் ஏ4 தாள் எட்டு, இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் மடிப்பு. ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 33 வர வேண்டும்: 32உம் 1உம், 2உம் 31உம் என்று. நடுத்தாளில் 16, 17 அருகருகே வரும்; இலண்டன் வரைபடம் வெட்டுப்படாமல் விரிய வேறு இடம் இல்லை. மடித்தபின் உள்தாள்கள் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வெளியே தள்ளும். அதனால் ஓரத்தில் 12 மில்லிமீற்றர் வெறுமையாக விட்டு, குத்திய பிறகே வெட்டுங்கள். மாரியில் பிரித்த றீமை அப்படியே வைத்தால் தாள் ஈரம் இழுத்து மெசினில் சிக்கும். பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அட்டை 250 கிராம், முதுகில் இரண்டு பின். சாதாரண ஸ்ரேப்பிளர் நடுவுக்கு எட்டாது, நீளக் கையுள்ளது தேவை.

கடைசி நாலு பக்கத்தையும் அரை அங்குலக் காகிதப் பட்டியால் ஓரத்தில் சேர்த்து ஒட்டுங்கள். பசை நுனியில் மட்டும் இருக்கட்டும், இழுத்தால் கிழியாமல் கழர வேண்டும். கதை வாசியாத ஒரு பிள்ளையிடம் பட்டி ஒட்டிய பிரதியைக் கொடுத்து, முடிவைச் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் எந்தப் படம் காட்டிக்கொடுத்தது என்று கேட்டு, அதைப் பின்பக்கத்துக்கு மாற்றிய பிறகு மற்றப் பிரதிகளை அடியுங்கள்.