பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்-2 வரியைப் படிப்பது எப்படி?

கடலூரில் மார்புக் கட்டியை எடுத்துவிட்டு, மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குப் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ற வரியைத் தேடுங்கள், சில லேபில் பழைய பெயரில் சி-எர்ப்-பி2 என்றும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அது வேறு கணக்கு.

ஹெர்-2 என்பது செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி ஏற்பி. இந்தக் குடும்பத்து ஏற்பிகள், வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து 'பெருகு' என்ற உத்தரவை உள்ளே அனுப்பும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். புற்றுநோயில் இது பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று எண்ணிக்கை: வழக்கமாக ஒரு செல்லில் 2 பிரதி இருக்கவேண்டிய ஹெர்-2 மரபணு பல மடங்காகி, ஏற்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே சேர்ந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மரபணுவில் சிறு மாற்றம் வந்து ஏற்பி அடங்கவே மறுப்பது. மார்பகத்தில் முதல் வகை அதிகம், நுரையீரலில் இரண்டாவது. அதனால்தான் இங்கே சாயம் போட்டு அளவு பார்க்கிறார்கள், அங்கே மரபணுவையே படிக்கிறார்கள்.

சரி, சாயம் எவ்வளவு பிடித்தது என்று ஹெர்-2 வரியில் போட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ், மார்பகப் புற்றுநோயில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பாசிட்டிவ் வகை. 3+ என்று பார்த்ததும் 'மூணாவது ஸ்டேஜா' என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள், ஸ்டேஜுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

சிக்கல் 2+ தான். அது முடிவு இல்லை, அடுத்து மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் என்ற டெஸ்ட் செய்தே ஆகவேண்டும். அதில் 17ஆவது குரோமோசோமோடு ஒப்பிட்ட விகிதம் 2 அல்லது அதற்கு மேல், ஒரு செல்லுக்குச் சராசரிப் பிரதி 4 அல்லது அதற்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் பாசிட்டிவ். செலவைப் பார்த்து ஃபிஷ்ஷைத் தள்ளிப்போடுவதும், 2+ஐ 'லேசான பாசிட்டிவ்' என்று நாமே அர்த்தம் பண்ணிக்கொள்வதும் வேண்டவே வேண்டாம்.

இதற்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கட்டியைச் சோதித்த லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்குத் தருவார்கள். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு அலையாதீர்கள், பிளாக் மெழுகுதானே. கட்டியை எடுத்ததும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டார்களா என்றும் விசாரியுங்கள், 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் இருக்கவேண்டும், இல்லையென்றால் சாயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

பாசிட்டிவ் என்றால் ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி. அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்த மருந்து, 2014இல் பயோகான் கம்பெனி இந்தியாவிலேயே இதன் பயோசிமிலரை, அதாவது இதை ஒத்த மருந்தைக் கொண்டுவந்தது, இப்போது இன்னும் சில கம்பெனிகளும் செய்கின்றன. ஆரம்ப நிலை நோய்க்கு வழக்கமாக ஒரு வருடம், பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒருமுறை. இதயத்தின் பம்பிங்கைக் குறைக்கக்கூடும், ஆகவே தொடங்கும் முன்னும் இடையிடையேயும் எக்கோ எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த ஊசி அதில் வருமா என்று முதல் டோஸுக்கு முன்பே கவுன்ட்டரில் கேளுங்கள். நெகட்டிவ் என்றாலும் நோய் பரவியிருந்தால் 1+ஆ, 0வா என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள், 1+க்கும் ஃபிஷ் நெகட்டிவான 2+க்கும் இப்போது டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து இருக்கிறது.

அப்புறம் நுரையீரல். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான அடினோகார்சினோமா என்று எழுதியிருந்தால், ஹெர்-2 குடும்பத்து இன்னொரு ஏற்பியான ஈ.ஜி.எஃப்.ஆர்.-க்கு மரபணு டெஸ்ட் ஆனதா என்று கேளுங்கள், புகைபிடிக்காதவர் என்றால் கண்டிப்பாக. அந்த மரபணுவில் எக்ஸான் 19 டெலீஷன் அல்லது எக்ஸான் 21இல் எல்858ஆர் என்ற மாற்றம் வந்தால் ஜெஃபிட்டினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். ஜெஃபிட்டினிப் கொஞ்ச காலம் கேட்டுவிட்டு நின்றுபோனால் டி790எம் என்ற புது மாற்றம் வந்திருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், ஆனால் ரத்தத்தில் இல்லை என்று வந்தால் அதோடு விடாமல் மறுபடி பயாப்சி எடுக்கலாமா என்று கேளுங்கள்.