ஆயிரம் டாலருக்குள் வாத்து வேட்டைக்கு ஒரு செமி-ஆட்டோ ஷாட்கன்

வாத்து வேட்டைக்குப் போகும் துப்பாக்கிக்குச் சேறும் தண்ணீரும் உறைபனியும் தப்பாது. படகின் அடியில் கிடக்கும், நாய் உதறும் தண்ணீரில் நனையும், கையுறை போட்ட விரல்களால் இருட்டில் நிரப்பப்படும். அதனால் அமெரிக்காவில் ஆயிரம் டாலர் அளவில் செமி-ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டையோ மூன்றரை அங்குல சேம்பரையோ (ஷெல் எனப்படும், சிறு உலோக ரவைகள் நிரம்பிய தோட்டா உட்காரும் அறை) அல்ல. துப்பாக்கி தோளில் சரியாக உட்காருகிறதா, நீங்கள் சுடப் போகும் ஷெல்லைத் தடையில்லாமல் தள்ளி அடுத்ததை ஏற்றுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மிச்சமாகும் பணத்தை ஷெல்லுக்கும் காகித இலக்குக்கும் செலவழியுங்கள்.

சட்டத்தைக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் வாத்து, கூஸ் (பெருவாத்து) வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. ஸ்டீல், பிஸ்மத், டங்ஸ்டன் போன்ற நச்சில்லா ரவைதான் செல்லும். துப்பாக்கியின் குழல் 10 கேஜைவிட அகலமாக இருக்கக்கூடாது (கேஜ் எண் குறையக் குறையக் குழல் அகலம் கூடும்). சேம்பரையும் மேகசினையும் (அடுத்த ஷெல்கள் காத்திருக்கும் குழாய்) சேர்த்து மூன்று ஷெல்லுக்கு மேல் கொள்ளக்கூடாது. அதற்காகவே மேகசின் குழாய்க்குள் ப்ளக் என்ற குச்சி இருக்கும். புதுத் துப்பாக்கியில் பெரும்பாலும் அது போட்டே வரும். பழையது வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் கழற்றியிருக்கலாம், எனவே சோதித்துவிடுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மாநில உரிமத்தோடு 25 டாலர் ஃபெடரல் டக் ஸ்டாம்பும் (வாத்து வேட்டைக்கான முத்திரை) வாங்க வேண்டும்.

எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமில்லா விசாக்காரர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, உரிமம், பிறகு துப்பாக்கி என்ற வரிசையை மாற்றாதீர்கள். உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். கனடாவில் பிஏஎல் என்ற துப்பாக்கி உரிமம் இல்லாமல் கடைக்காரர் விற்கவே மாட்டார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வாத்து வேட்டை குற்றம். இந்தக் கட்டுரை வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இனி இயக்கம். இந்த விலையில் இரண்டு வகை கிடைக்கும். கேஸ் வகையில், வெடித்த வாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள சிறு துளைகள் வழியே எடுத்து ஒரு பிஸ்டனைத் தள்ளுவார்கள். அது போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் நகரும் பாகம்) பின்னுக்குக் கொண்டுபோகும். உதைப்பு கொஞ்சம் பரவி வருவதால் தோளுக்கு இதம். ஆனால் கரி பிஸ்டனைச் சுற்றிப் படியும், துடைக்க வேண்டும். இனர்ஷியா வகையில் வாயுவை எடுப்பதே இல்லை. சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு நகர்கிறது. கனமான போல்ட் அசையாமல் நிற்க முயல்கிறது. நடுவில் உள்ள கெட்டியான ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து போல்ட்டை எறிகிறது. பாகங்கள் குறைவு, உள்ளே கரி சேராது, எடையும் குறைவு. எடை குறைந்தால் உதை கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஆறே முக்கால் பவுண்டு துப்பாக்கியில் மூன்று அங்குல ஷெல்லைக் காலை முழுக்கச் சுட்டால் மதியம் தோள் சொல்லும்.

இனர்ஷியாவின் பலவீனமும் அதே இயற்பியலிலிருந்தே வருகிறது. துப்பாக்கி நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். கனமான உபகரணங்களை மேலே பூட்டினாலோ, தோளில் வைக்கும் பின்கட்டையை மரத்திலோ படகின் பலகையிலோ முட்டுக்கொடுத்துச் சுட்டாலோ ஷெல் வெளியேறாமல் சிக்கும். களிமண் தட்டுகளை எறிந்து சுடும் பயிற்சிக்கான மென்மையான ஷெல்கள், குறிப்பாக ரவை எடை ஒரு அவுன்ஸும் அதற்குக் கீழும் உள்ளவை, புதுத் துப்பாக்கியில் பல தடவை போல்ட்டைத் தள்ளாது. கோடையில் அதே துப்பாக்கியால் களிமண் தட்டு சுடப் பயிற்சி எடுக்கும் எண்ணம் இருந்தால் கேஸ் வகையே நல்லது. குளிர்காலத்தில் வாத்துக்கு மட்டும் என்றால் இனர்ஷியா போதும்.

சுழலும் போல்ட் தலை உள்ள இனர்ஷியா துப்பாக்கிகளில் வரும் ‘க்ளிக்’ சத்தத்தை வேட்டைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். சத்தம் வராமல் இருக்க போல்ட்டை மெதுவாக மூடினாலோ, கைப்பிடி எதிலாவது இடித்து ஒரு நூல் அளவு திறந்தாலோ தலை முழுதாகச் சுழன்று பூட்டாது. விசையை அழுத்தினால் க்ளிக் மட்டும்தான், வாத்து போய்விடும். மூடும்போது போல்ட்டைத் தானாக அறைந்து மூட விடுங்கள். மறைவிடத்தில் உட்கார்ந்ததும், இடையிலும், கைப்பிடியை முன்னுக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

சந்தையில் என்ன இருக்கிறது? இனர்ஷியாவில் துருக்கியில் தயாராகும் ஸ்டோகர் எம்3000 மலிவானது, சுமார் 600 முதல் 700 டாலர். கரடுமுரடாக இருக்கும், முதல் சில பெட்டிகளைக் கனமான ஷெல்லாகச் சுட்டால் இளகிவிடும். அதற்கு மேல் படி இத்தாலியின் ஃப்ராங்கி அஃபினிட்டி 3, ஏறக்குறைய 900 முதல் 1000. ஸ்டோகரில் போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் இருக்கிறது. ஃப்ராங்கியில் மேகசின் குழாயைச் சுற்றி இருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. பின்கட்டைக்குள் புகுந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, ஸ்பிரிங் துருப்பிடித்து போல்ட் சோம்பலாக மூடும்போதுதான் தெரியும். மேகசினைச் சுற்றி இருந்தால் முன்கட்டையைக் கழற்றினதும் கண்ணெதிரே இருக்கும், துடைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு எங்கள் கை ஃப்ராங்கியின் பக்கம்.

கேஸ் வகையில் ட்ரைஸ்டார் வைப்பர் ஜி2 மலிவு. பெரெட்டா ஏ300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, மாஸ்பெர்க் 940 ப்ரோ ஆகியவை ஆயிரத்தைத் தொட்டு நிற்கும். விலை பருவத்துக்குப் பருவம் மாறும். சீசன் முடிந்த பிறகு தள்ளுபடி வர வாய்ப்பு அதிகம்.

சேம்பர் நீளத்தில் வீண் செலவு நடக்கிறது. மூன்று அங்குல ஷெல்லில் 1¼ அவுன்ஸ் ஸ்டீல், நொடிக்குச் சுமார் 1450 அடி வேகம். மல்லார்டு வாத்துக்கும் பெரும்பாலான கூஸுக்கும் இது தாராளம். 12 கேஜில் மூன்று அங்குலம் வரை அழுத்த வரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); மூன்றரை அங்குலத்துக்கு 14,000. உதையும் ஷெல் விலையும் அதற்கேற்ப ஏறும். இலேசான ஷெல்லிலிருந்து மூன்றரை வரை எல்லாவற்றையும் தள்ளச் சொன்னால் மலிவுத் துப்பாக்கி திணறும். மூன்று அங்குலத்தில் நில்லுங்கள்.

குழல் 28 அங்குலம் எடுங்கள். பறவையோடு சேர்த்துத் துப்பாக்கியைத் திருப்புவதற்குச் சீராக இருக்கும். நெருக்கமான மறைவிடத்தில் உட்காருபவர்களுக்கு 26. குழலின் உள்பக்கம் குரோம் பூசியதா என்று கேளுங்கள். வெறும் நீலப் பூச்சு உப்புநீர்ச் சதுப்பில் ஒரே நாளில் செந்நிறம் காட்டும்.

இப்போது தோளில் உட்காருவது. இதற்குக் கடையில் அரை மணி நேரம் செலவழியுங்கள். வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டை எடுத்துப்போய் அணிந்துகொள்ளுங்கள். சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, சுவரின் மூலையில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை தட்டையாக, நடுவில், முன்குமிழ் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். பட்டையின் மேற்பரப்பு ஏராளமாகத் தெரிந்தால் கன்னம் உயரத்தில் இருக்கிறது, ரவை மேலே போகும். பட்டையே தெரியாமல் போல்ட்டின் பின்புறம் மறைத்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது, ரவை கீழே போகும். பெட்டியில் வரும் ஷிம் தகடுகளைப் பின்கட்டைக்கும் உடலுக்கும் நடுவே மாற்றி இதைச் சரிசெய்யலாம். ஷிம் வராத துப்பாக்கி சரியாகப் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஏற்றும்போது கட்டை அக்குளில் மாட்டினால் நீளம் அதிகம். கோட்டுக்காக அரை அங்குலம் குறைவாக இருப்பது நல்லது.

கையுறையோடு போல்ட் கைப்பிடியை இழுங்கள், பாதுகாப்புப் பொத்தானை அழுத்துங்கள், கடைக்காரர் அனுமதித்தால் வெற்றுப் பயிற்சி ஷெல்லை நிரப்பிப் பாருங்கள். நிரப்பும் வாயில் கட்டை விரலைக் கவ்வும் துப்பாக்கிகள் உண்டு. கொட்டும் குளிரில் அது பெரிய தொல்லை.

பழையது வாங்குவது தவறில்லை. ரெமிங்டன் 11-87, பெரெட்டா 390 போன்றவை நல்ல நிலையில் கிடைத்தால் புதிய மலிவுத் துப்பாக்கிகளைவிட நீண்டு உழைக்கும். குழலுக்குள் விளக்கு அடித்து வீக்கம், பள்ளம் பாருங்கள். சோக் குழாய் (ரவை விரிவதைக் கட்டுப்படுத்தும் முனைக் குழாய்) கையால் கழல வேண்டும். துருவில் இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். கழற்ற முடியாத ஃபுல் (மிக இறுக்கமான) சோக் உள்ள பழைய குழல்களில் ஸ்டீல் ரவை சுடாதீர்கள். பெல்ஜியத்தில் செய்த பழைய பிரவுனிங் ஆட்டோ-5 குழல்களுக்கு ஸ்டீல் வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ரெமிங்டன் கேஸ் துப்பாக்கிகளில் மேகசின் குழாயில் உட்காரும் ரப்பர் ஓ-ரிங் (வளையம்) விரிசல் விட்டிருந்தால் ஷெல் பாதியில் நிற்கும். சில டாலரில் மாற்றிவிடலாம், பயந்து விலக வேண்டாம்.

வாங்கிய பின் காகிதத்தில் சுட்டுப் பார்க்கும் வேலையைப் பலர் தவிர்க்கிறார்கள், காயப்பட்டுத் தப்பும் பறவைகள் அங்கேதான் அதிகரிக்கின்றன. ஸ்டீல் ஈயத்தைவிட இலேசு, அடர்த்தி ஈயத்தில் சுமார் 70 சதவீதம்தான், ஆகவே தூரத்தில் வேகம் சீக்கிரம் இறங்கும். ஈயத்தில் பயன்படும் அளவைவிட இரண்டு எண் பெரிய ரவை எடுப்பது வழக்கம். மல்லார்டுக்கு 2 அல்லது 3, சிறு வாத்துக்கு 4, கூஸுக்கு இவற்றைவிடப் பெரிய பிபி (எண் குறைந்தால் ரவை பெரிது). அகலமான காகிதத்தில் 35 கஜத்தில் சுட்டு, ரவை அடர்த்தியான பகுதியைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். மல்லார்டுக்கு வட்டத்துக்குள் 85 ரவைக்கு மேல் வேண்டும். 1¼ அவுன்ஸ் 2-ஆம் எண் ஸ்டீலில் மொத்தமே சுமார் 155 ரவைதான் இருக்கும். ஸ்டீல் நசுங்காமல் கூட்டமாகப் பறப்பதால் பெரும்பாலும் மாடிஃபைட் (நடுத்தர இறுக்கமுள்ள) சோக் போதும். டிகாய் (பொம்மை வாத்து) மீது நெருங்கி வரும் வாத்துக்கு அதைவிடத் தளர்ந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் நல்லது. ஒரே சோக் வெவ்வேறு ஷெல்லில் வெவ்வேறாக விரியும், எனவே மூன்று வகை ஷெல்லாவது வாங்கிச் சோதியுங்கள். வட்டம் நிரம்பாத தூரத்தில் சுடாதீர்கள்.

முதல் சுடுதலுக்கு முன் தொழிற்சாலையில் பூசி அனுப்பும் கெட்டிக் கிரீஸைக் கழுவுங்கள். அது துருவைத் தடுக்கத்தான், ஓட்டத்துக்கு அல்ல. உறைபனியில் தடித்த எண்ணெய் கூழாகி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் சொட்டு, துணியால் ஒற்றி எடுத்த அளவே போதும். சதுப்பிலிருந்து திரும்பிய அன்றே குழலைக் கழற்றி ஈரம் துடைத்து, சோக்கைத் திருகி எடுத்துப் புரியில் கிரீஸ் தடவுங்கள். விலை குறைந்த ஷெல்களின் அடிமூடி பித்தளை போலத் தெரிந்தாலும் உள்ளே இரும்புதான். ஈரப்பையில் கிடந்தால் துரு பிடித்துச் சேம்பரில் ஒட்டும், போல்ட் இழுக்க முடியாமல் நிற்கும். அப்போது பழி துப்பாக்கியின் மேல் விழுகிறது, காரணம் பையில் இருக்கிறது.

12 கேஜ் துப்பாக்கி வைத்திருப்பவர் பையில் மஞ்சள் நிற 20 கேஜ் ஷெல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. தவறிப் போட்டால் அது சேம்பரைத் தாண்டிக் குழலுக்குள் இறங்கி நிற்கும். பின்னால் 12 கேஜ் ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். சேற்றில் முனை குத்தினாலும், பனிக்கட்டி அடைத்தாலும் அதே ஆபத்து. வழுக்கி விழுந்தால் எழுந்ததும் எல்லா ஷெல்லையும் இறக்கி, குழல் காலியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் நிரப்புங்கள்.