மணற்கல்லில் எரிவாயு இருக்கிறதா? கிணற்று லாக்கைப் படிக்கும் முறை

துளையிட்ட கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி, ஆழவாரியாக எடுக்கும் பதிவுதான் லாக். புதிதாகப் பார்ப்பவர்கள் நேரே மின்தடைத்திறன் வரிக்கு ஓடுவார்கள். வேண்டாம், பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தைக் காட்டும் காமா வரியிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: மணலைப் பிரித்தறிதல்

காமா வரி இடப்பக்கம் ஒதுங்கினால் பெரும்பாலும் சுத்தமான மணற்கல். வலப்பக்கம் ஏறினால் களிப்பாறை. பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் கலந்த மணலும் களிப்பாறை மாதிரியே வேஷம் போடும், ஜாக்கிரதை. மேலே வாயுவைத் தடுக்கும் மூடிப்பாறை உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: வாயுவின் அடையாளம்

எனக்குப் பிடித்த படி இதுதான். அடர்த்தி, நியூட்ரான் வரிகளை மணற்கல் அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். நீர் நிறைந்த சுத்தமான மணலில் இரண்டும் ஒட்டியே போகும். வாயு இருந்தால் அடர்த்தி குறையும். அந்த வரி நுண்துளைமையை (பாறையில் துளைகளின் பங்கை) கூட்டிக் காட்டும். ஹைட்ரஜன் குறைவதால் நியூட்ரான் குறைத்துக் காட்டும். ஆக, வரிகள் ஒன்றையொன்று வெட்டி விலகும்.

ஆனால் களி கலந்திருந்தால் நியூட்ரான் ஏறி இந்த விலகலை மறைத்துவிடும். வரிகள் வெட்டவில்லை என்பதற்காக வாயு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 3: நுண்துளைமை

மணலின் முக்கியக் கனிமமான குவார்ட்ஸின் அடர்த்தி (கிராம்/கன செ.மீ.) 2.65, நீருக்கு 1.0. லாக்கில் 2.24 என்றால் (2.65 − 2.24) ÷ 1.65, அதாவது சுமார் 25%. நியூட்ரான் 13% காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிப் பாதியாக்கி, வர்க்கமூலம் எடுங்கள்: கிட்டத்தட்ட 20%.

வாயு எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை இந்த எண் சொல்லாது. ஊடுருவுதிறனுக்குப் பாறை மாதிரியும் கிணற்றுச் சோதனையும் வேண்டும்.

படி 4: நீரின் பங்கு

அடுக்கின் நீர் மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. இங்கே 1942இல் பெட்ரோலியத் துறை ஆய்வாளர் ஆர்ச்சி வெளியிட்ட சமன்பாடு கைகொடுக்கும். நுண்துளைமை 0.20, அடுக்கிலுள்ள நீரின் மின்தடைத்திறன் 0.072, பாறையுடையது 20 ஓம்-மீட்டர் எனில்:

0.072 ÷ (0.20² × 20) = 0.09

வர்க்கமூலம் 0.30. துளைகளில் 30% நீர், மீதி 70% வாயு. களி மின்சாரத்தைக் கடத்துவதால், களிமணலில் இந்தக் கணக்கு நீரைக் கூட்டியே சொல்லும்.

படி 5: மொத்த அளவு

பரப்பு 10 சதுர கி.மீ., நிகரத் தடிமன் (களி நீக்கிய நல்ல மணலின் தடிமன்) 20 மீட்டர் என்றால் பாறையின் கன அளவு 20 கோடி கன மீட்டர். 0.20, 0.70 இரண்டாலும் பெருக்கினால் 2.8 கோடி. அழுத்தத்தில் இருக்கும் வாயு மேலே வந்ததும் விரியும். 200 மடங்கு என்று கொண்டால் 560 கோடி கன மீட்டர். இது அடியில் இருப்பது, எடுக்க முடிவது இதைவிடக் குறைவு.

இதில் அதிகம் ஆடக்கூடிய எண் பரப்புதான். ஒரே கிணற்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. நில அதிர்வு வரைபடத்தில் மேல்வளைவு (பாறை அடுக்கின் மேல்நோக்கிய மடிப்பு) எங்கே மூடுகிறது, வாயு–நீர் எல்லை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.