தாய்மாமன் இல்லாத காதுகுத்து ஆல்பம்

விசேஷ வீடுகளில் படம் எடுக்க இப்போது நிறைய இளம்பிள்ளைகள் வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று ஒரு குடும்பத்தின் நல்ல நாட்களில் மட்டும் உள்ளே நுழைகிற தொழில் இது. சந்தனம் கொடுத்து, சாப்பிட்டுப் போகச் சொல்லி, "தம்பி, என்னையும் ஒண்ணு எடுப்பா" என்று தலையைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்கிற ஆட்கள் வேறு எந்தத் தொழிலுக்குக் கிடைப்பார்கள்?

நாங்கள் தொடங்கியபோது ஒரு ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி அமுக்குவோம். இவர்கள் ஒரு பிறந்தநாளுக்கே ஆயிரக்கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். கேமரா மாறிவிட்டது, சறுக்குகிற இடங்கள் மட்டும் நாங்கள் சறுக்கிய அதே இடங்கள்.

பேட்டரியை சார்ஜ் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள், கூடுதலாக ஒரு மெமரி கார்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒரு முறை மறந்தால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. தவறு என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருப்பவைதான் ஆபத்து.

யார் யார் என்று கேட்காமல் போவது

கொஞ்ச நாள் முன்னால் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். காதுகுத்து ஆர்டர் ஒன்று முடித்துக் கொடுத்திருக்கிறான், வீட்டுக்காரர்கள் மீதிப் பணம் தர மாட்டேன் என்கிறார்கள். "படம் நல்லாத்தானே இருக்கு அண்ணா, நீங்களே பாருங்க" என்றான்.

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பதுகூடத் தெரிந்தது. குழந்தையின் கீழ் இமையில் நிற்கிற கண்ணீர் முத்து, பின்னால் மங்கலாக மாவிலைத் தோரணம். சுவரில் மாட்டலாம்.

"மாமன் எங்கேடா?" என்றேன்.

"யாரு மாமன்?" என்றான்.

குழந்தை உட்கார்ந்திருந்த மடி இருந்தது. பட்டு வேட்டி, குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்த இரண்டு கை, ஒரு கையில் கடிகாரம். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. 85 எம்எம் லென்ஸைப் போட்டுக் குழந்தையின் முகத்தையே நெருங்கி நெருங்கி எடுத்திருந்தான். சீர் வந்த படம் ஒன்றுகூட இல்லை. தெருமுனையிலிருந்து மேளத்தோடு தட்டு வரும்போது இவன் மண்டபத்துக்குள் லைட் ஸ்டாண்டைப் பூட்டிக்கொண்டிருந்தானாம்.

காதுகுத்து என்பது பாதி தாய்மாமன் விசேஷம். அவர் மடியில் வைத்துத்தான் முடி இறக்குவார்கள், காது குத்துவார்கள். கம்மல், பட்டுத்துணி, பாத்திரம், பழத்தட்டு என்று அவரவர் வசதிக்குச் செய்வதுதான் என்றாலும், வட்டிக்கு வாங்கிச் செய்கிற மாமன்களும் உண்டு. ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தட்டுகளைத் தலையிலும் கையிலும் ஏந்தித் தெருவில் வரிசையாக வருவது. 'மறுபடி ஒரு தடவை நடந்து வாங்க' என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தை விட்டுவிட்டால், குழந்தையின் அம்மா தன் பிறந்த வீட்டையே ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். பணம் தராதது எனக்கு நியாயமாகவே பட்டது. அதைத் தம்பியிடம் சொன்னேன். டீ குடிக்காமலே போய்விட்டான்.

இந்தத் தவறு மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிறது. காரணம், இதற்குத் திறமையோ காசோ தேவையில்லை. பத்து நிமிஷம் பேசினால் போதும். ஆனால் 'நான் கேண்டிட் போட்டோகிராஃபர், போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கிறவன், உறவுமுறை எல்லாம் ட்ரெடிஷனல்காரர் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு நினைப்பு. எந்த முகம் யாருக்கு முக்கியம் என்று தெரியாதவர் எடுக்கிற கேண்டிட், கூட்டத்தில் அழகான ஆளைத் தேடி எடுத்த படமாகத்தான் இருக்கும். பெண்ணின் தோழி அழகாகச் சிரிக்கிறாள் என்று அறுபது படம் இருக்கும். பெண்ணை வளர்த்த சித்தி ஒரு படத்திலும் இருக்க மாட்டார்.

யாரிடம் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆர்டர் கொடுத்தவர் பெரும்பாலும் குழந்தையின் அப்பா. அவருக்கு மண்டப வாடகை தெரியும், சமையல்காரருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று தெரியும். எது முதலில் நடக்கும் என்று மட்டும் தெரியாது. முந்தின நாள் ராத்திரி போன் போட்டு, "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்க சார்" என்று கேளுங்கள். ஒரு அப்பத்தாவோ, பெரியம்மாவோ, கல்யாணமாகிப் போன அத்தையோ வருவார். அம்மா என்று கூப்பிட்டு ஆரம்பியுங்கள். அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார், சீர் எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், விளக்கு ஏற்றுவது யார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'எனக்கே தெரியும்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் முறை மாறும். பல வீடுகளில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்றதை நாத்தனார் பின்னால் நின்று போடுவார். முன்பக்கமே நின்றால் அவர் வெறும் கையாகத்தான் வருவார். பிராமண வீட்டுக் கல்யாணத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போது தாலி கட்டுவார்கள். அங்கே நான் முதலில் பார்ப்பது அப்பாவின் முகத்தை. அறுபதாம் கல்யாணத்தில் சல்லடை பிடித்துக் கலசத் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளைகளும் மருமகள்களும் சுற்றி நின்று தம்பதியை மறைத்துவிடுவார்கள். முன்கூட்டியே ஒரு ஸ்டூலைப் பிடித்து வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்: யாரோடு யாருக்குப் பேச்சு வார்த்தை இல்லை? "ரெண்டு மருமகனும் இந்தப் பக்கம் வாங்க சார், தோள்ல கை போடுங்க" என்று மைக் இல்லாமலே கத்தி, மேடையே அமைதியாகிப்போன கதை எங்கள் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

கணவரை இழந்த பாட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சடங்கு நடக்கும்போது தூண் ஓரமாக நின்றுகொள்வார்கள். கூப்பிட்டாலும் மேடைக்கு வர மாட்டார்கள். "நான் எதுக்குப்பா, அவங்கள எடு" என்பார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. ஆனால் முகூர்த்த நேரத்தில் அதைப் பேசி அவரைச் சங்கடப்படுத்துவதில் அர்த்தமில்லை. சடங்கு முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி, அவர் மடியில் வைத்து எடுத்துவிடுங்கள். பிற்காலத்தில் "எங்க பாட்டி போட்டோ ஏதாவது இருக்கா?" என்று நம்மைத் தேடி வந்து கேட்பது அந்தப் படத்தைத்தான்.

ஆசாரி பக்கம் உட்காருவது

காது குத்தும்போது ஆசாரியின் கையே காதையும் முகத்தையும் மறைத்துவிடும். எந்தக் காது முதலில் என்று அவரிடமே கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் தரையில் உட்காருங்கள், குழந்தையின் கண் உயரத்துக்கு. முதல் காதுதான் படம். ஆசாரி சந்தனப் பொட்டு வைத்து இடம் குறிக்கும்போது குழந்தை அவருடைய பெட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றும் தெரியாது, சுற்றி நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார், மாமன் பல்லைக் கடிப்பார். கொஞ்சம் அகலமான லென்ஸ், ஒரு 35 எம்எம் போட்டால் மூன்று முகமும் ஒரே படத்தில் கிடைக்கும். இரண்டாவது காதுக்குள் குழந்தைக்கு விவரம் தெரிந்துவிடும். அப்புறம் எல்லாம் வாய் பிளந்த அழுகைதான்.

"இங்க பாரு, சிரி!"

கை தட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள். குழந்தை தானாகப் பார்க்கும்.

எல்இடி மேடையில் சைலண்ட் ஷட்டர்

மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு பரவிய வியாதி இது. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டு ரிசப்ஷன் முழுக்க எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை ஒரேயடியாகப் படிப்பதில்லை, வரிசை வரிசையாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிசை இருட்டாகவும், ஒளிர்ந்தபோது படித்தது வெளிச்சமாகவும் விழுகிறது. இதை எடிட்டிங்கில் சுத்தமாக எடுக்க முடியாது. கூடிய மட்டும் மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/100 அல்லது 1/50 நொடி, கேமராவில் இந்த மினுக்கத்தைச் சமாளிக்கிற ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கிற எல்இடி ஸ்கிரீனுக்கு வேறு கணக்கு. கூட்டம் வருவதற்கு முன்னால் நாலைந்து வேகத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஓடுகிற குழந்தைக்கு 1/100 போதாது. அங்கே ஃப்ளாஷைப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

குரூப் போட்டோவில் பின்புலத்தை மங்கவைப்பது

லென்ஸின் துளையை அகலத் திறந்து f/1.8-ல் எடுத்தால் முன்வரிசை தாத்தா மட்டும் தெளிவாக இருப்பார். இரண்டு வரிசைக்கு f/5.6, மூன்று வரிசைக்கு f/8. துளை சுருங்குவதால் வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். படத்தில் பொடிப்பொடியாகத் தெரிகிறது என்று எந்தப் பெரியப்பாவும் சண்டைக்கு வந்ததில்லை. தன் முகம் தெரியவில்லை என்று வருவார்.

கோயிலில் கேமராவோடு நிற்பது

முடி இறக்கும் ஆர்டர் என்றால் விசாரிக்காமல் போகாதீர்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை கொண்டுவரச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பழனி மலைக்கோயிலுக்குள் செல்போன், கேமரா கொண்டுபோக 2023 அக்டோபர் 1 முதல் தடை. பழனியில் முடி காணிக்கை அடிவாரத்திலேயே முடிந்துவிடும். அங்கே எடுக்கலாமா, எதுவரை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, மீதிக் குடும்பப் படங்களைக் கீழேயே முடித்துக்கொள்ளத் திட்டம் போடுங்கள். குலதெய்வம் கோயில் என்றால் பூசாரியிடம் கேளுங்கள். சில இடங்களில் சாமி முகத்தை மட்டும் எடுக்கக் கூடாது என்பார், சில இடங்களில் தானே அரிவாளோடு போஸ் கொடுப்பார்.

பந்தி

வாய்க்குப் போகிற கையை எடுக்காதீர்கள். பரிமாறுகிற கையை எடுங்கள்.

பிறந்த குழந்தையை போஸ் கொடுக்க வைப்பது

நம் வீடுகளில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குகிற குழந்தையை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் எடுத்த ஒரு படம் கட்டாயம் இருக்கும். குழந்தை தானாகச் செய்கிறதை எடுத்த படம் அது. இப்போது பத்து நாள் குழந்தையைக் கூடையில் வைப்பது, கன்னத்தில் இரண்டு கையையும் முட்டுக்கொடுத்துத் தூங்க வைப்பது என்று இணையத்தில் பார்த்ததைச் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தக் கன்னத்தில் கை வைத்த படம் ஒரே படம் இல்லை என்பது பல புதியவர்களுக்கே தெரியாது. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், அடுத்ததில் கையைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் சேர்த்து, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். அதை நிஜமென்று நம்பிக் குழந்தையின் கழுத்தோடு விளையாடாதீர்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லி, அம்மா மடியில் தூங்குகிறபடியே எடுத்துக் கொடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும்.

குளிப்பாட்டுகிற படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவது: கூடாது. பெற்றோர் சரி என்றாலும் கூடாது.

பென் டிரைவில் கொட்டிக் கொடுப்பது

மூவாயிரம் படத்தையும் அப்படியே கொடுத்துவிட்டு, "செலக்‌ஷன் பண்ணிக் குடுங்க, ஆல்பம் போட்டுடலாம்" என்பது. யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். கணவர் மனைவியைக் கைகாட்டுவார், மனைவி நாத்தனார் வரட்டும் என்பார். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும், காதுகுத்து ஆல்பம் இன்னும் பீரோவில் பென் டிரைவாகவே கிடக்கும். உங்கள் மீதிப் பணமும் அதோடு கிடக்கும்.

12×36 அங்குல ஷீட்டில் முப்பது ஷீட் ஆல்பம் என்றாலே, நெருக்கி அடுக்காமல் போட்டால் இருநூறு, முந்நூறு படம்தான் பிடிக்கும். அதனால் நீங்களே நானூறாகக் குறையுங்கள். கண் மூடியதையும் ஒரே மாதிரி வந்ததையும் தூக்கலாம். ஆனால் ஒருவருக்கு இருக்கிற ஒரே படம் கண் மூடிய படம்தான் என்றால் அதைத் தூக்கக் கூடாது. அப்புறம், "பார்த்துச் சொல்லுங்க" என்று விட்டுவிடாமல் நாள் குறியுங்கள்: "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்போட வர்றேன், உக்காந்து முடிச்சிடலாம்." முந்தின ராத்திரி போனில் பேசினாரே, அந்த அத்தையையும் இருக்கச் சொல்லுங்கள். யார் படம் வராவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார்.