கார்டிங் மெஷினைத் திறக்கும் முன் ஃபிட்டருக்குத் தர வேண்டிய பயிற்சி

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் மெஷினை நிறுத்தினாலும் சிலிண்டர் உடனே நிற்காது. கம்பிப் பற்கள் சுற்றிய அந்தக் கனமான உருளை, மின்சாரம் போன பிறகும் சில நிமிடம் ஓடும். பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் அது காதில் விழாது. வேகத்தில் பற்கள் தனித்தனியாகத் தெரியாததால், நின்றுவிட்டது போலவே இருக்கும். விரல் போவது இந்த இடத்தில்தான். ஆகவே பயிற்சியை, வேலை நடக்கும்போது யாரும் மெஷினை ஓட்டிவிடாதபடி போடும் பூட்டில் தொடங்காதீர்கள். ஸ்விட்சை இறக்கிய பிறகும் மெஷினுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்பதில் தொடங்குங்கள்.

வகுப்பறையில் வேண்டாம், மெஷின் பக்கத்தில் நின்றே ஃபிட்டர்களைச் சொல்ல வையுங்கள். சிலிண்டரின் சுழற்சி, நியூமேடிக் லைனில் (அழுத்தக் காற்றுக் குழாயில்) அடைபட்ட காற்று இரண்டையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கபாசிட்டரை மறப்பார்கள். 415 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவுக்குள் ஏறத்தாழ 580 வோல்ட் டிசி நிற்கும். டிஸ்ப்ளே அணைந்தது அது இறங்கியதற்கு அடையாளம் இல்லை. டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, மீட்டரை டிசியில் வைத்து அளந்த பிறகே கவரைக் கழற்ற வேண்டும்.

வேலை வரிசை இது. சூப்பர்வைசரிடம் சொல்லி மெஷினை வழக்கமான முறையில் நிறுத்தவும். மெஷினுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் ஐசோலேட்டரை இறக்கிப் பூட்டவும். எமர்ஜென்சி பட்டனும் கதவு ஸ்விட்சும் இதற்கு ஈடாகாது. அவை கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டுமே வெட்டும், பேனலுக்குள் மின்சாரம் அப்படியே இருக்கும். காற்று வால்வை மூடிப் பூட்டி, லைனில் உள்ள காற்றை வெளியேற்றி, பிரஷர் கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்க்கவும். சாதாரண பால் வால்வு வரும் காற்றை நிறுத்துமே தவிர, உள்ளே இருப்பதை விடாது.

மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பல துளை உள்ள கொக்கியில் ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெயர், பிரிவு, தேதி, நேரம் எழுதிய அட்டை கூடவே தொங்கட்டும். அட்டை எச்சரிக்கும், ஸ்விட்சைத் தடுக்காது.

அடுத்தது சோதனை, அவசரத்தில் முதலில் விடப்படுவது இதுதான். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மூன்று ஃபேஸுக்கு இடையே மூன்று அளவு, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று அளவு. மறுபடி அந்த முதல் இடம். நடுவில் மீட்டர் பழுதாகியிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும், அதனால்தான் இந்தக் கடைசி அளவு. நியான் டெஸ்டரை இதற்கு நம்பக் கூடாது. எல்லோரும் விலகி நிற்க ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, மறக்காமல் ஆஃப் நிலைக்குக் கொண்டுவரவும். சிலிண்டர் முழுதாக நின்றதா என்பதைக் கவரைத் திறந்து பார்க்காதீர்கள். வெளியே தெரியும் புல்லியில் பாருங்கள்.

ஃப்ளாட் செட்டிங்குக்கு (சிலிண்டருக்கும் அதன் மேலுள்ள ஃப்ளாட் என்ற பல் பட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதற்கு) சிலிண்டரைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்புபவரும் இடைவெளி அளக்கும் கேஜ் வைப்பவரும் வேறு வேறு ஆள் என்றால், "கை எடுத்தாச்சு" என்று குரல் வந்த பிறகே திருப்ப வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது வருபவர் பூட்டு போட்ட பிறகே போகிறவர் எடுக்க வேண்டும். பூட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டால், அவரிடம் போனில் பேசி, அவர் மில்லுக்குள் இல்லை என்று உறுதியான பிறகு பொறுப்பதிகாரி மட்டுமே அந்தப் பூட்டை வெட்டலாம். மறுநாள் அவர் வேலையில் கை வைக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.